மோட்டார்ப் பொறியின் எச்சரிக்கை விளக்கும் மாற்றுப் புகைக்குழாயும்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டியபோது இலக்கண இலக்கியம் பற்றிய ஒன்றையே எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியர் ஒருவர் மோட்டார் வண்டியின் புகைக்குழாயைப் பற்றி எழுதப் புகுதல் சிலருக்கு நகைப்பை விளைத்தலுங் கூடும். ஆயினும், சென்ற ஆண்டில் எமது சம்பளத்தின் ஒரு பகுதியையும் எம் அன்னையாரின் உடல்நலத்தின் ஒரு பகுதியையும் விழுங்கிய பொருள் அதுவேயாதலின், நாம் பட்டறிந்ததை எம்போல் இத்துறை அறியாதார்க்குச் சொல்லிவைத்தல் தகுமெனத் துணிந்தோம். பொறியியல் கற்ற பழைய மாணவர்கள் எம் பிழைகளைப் பொறுத்தருள்வாராக.

நாம் நெடுந்தீவிற் பிறந்தவர். எம் அன்னையார் இன்றும் அங்கேயே, சாந்தின்றி அடுக்கிய பவளக்கல் மதில் சூழ்ந்த பழைய வளவில் வாழ்கின்றார். மாதத்திற்கு ஒருமுறை மருத்துவரைக் காண அவர் யாழ்ப்பாணம் வரவேண்டும். காலைப் படகேறி ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் ஆடி அசைந்து குறிகாட்டுவான் துறையில் இறங்குவார். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் வழியாகப் பட்டினம் சேர முப்பது கிலோமீற்றருக்கு மேல் உண்டு. அத்தொலைவுக்கென்றே பழைய யப்பானியக் கார் ஒன்றை வாங்கி வைத்திருக்கின்றோம்.

இருபுறமும் கடலாகிய தாம்போதிகளில் நாளும் ஓடும் வண்டியின் அடிப்பாகம் எத்தகைய துன்பத்துக்கு உள்ளாகும் என்பதைத் தீவகத்தார்க்கு விரித்துரைத்தல் வேண்டா. வாடைக்காற்றுக் காலத்தில் அலை தெறித்து வீதியை நனைக்கும். அவ்வுப்புநீர் சூடேறிய இரும்பில் படிந்து உலர்ந்து, மறுநாளும் படியும். எமது காரின் புகைக்குழாய் துருவேறி ஓட்டை விழுந்தது வியப்பன்று. அதற்கு முன்னால் உள்ளதும், கராச்சில் 'கன்வேட்டர்' என்று வழங்குவதுமாகிய ஊக்கிப் பெட்டியும் உள்ளே உடைந்து சிறு சட்டியிற் கல் போட்டு ஆட்டுவதுபோல் ஒலித்தது.

2020 ஆம் ஆண்டு மார்ச்சில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்து ஆண்டுகளிலும் புதியது வாங்க வழியின்றி, உள்ளதைத் தைத்தும் ஒட்டியும் ஓட்டியவர்கள் நாம் மட்டுமல்லேம். காரைச் செய்த நிறுவனத்தின் உறுப்பு எட்டா விலையாய் இருந்தமையால், பிறர் செய்து விற்கும் மாற்றுறுப்பைப் போடலாம் என்று பட்டினத்துக் கராச் ஒன்றில் சொன்னார்கள். உடன்பட்டோம். ஊக்கிப் பெட்டி, முன்குழாய், சைலன்சர் மூன்றும் மாற்றப்பட்டன. கழற்றிய பழைய பெட்டி எங்கே என்று கேட்க எமக்குத் தோன்றவில்லை. அதன் உள்ளே பிளாற்றினம், பலேடியம், ரோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாக உள்ளன என்பதும், உடைந்த பெட்டிக்கும் விலையுண்டு என்பதும் பின்னரே அறிந்தோம். வாசகர்கள் கழற்றிய உறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்க.

ஒன்பதாம் நாள், வேலணையைத் தாண்டும்போது, ஓட்டுநர் முன்னுள்ள பலகையில் பொறியின் உருவம் எழுதிய மஞ்சள் விளக்கு எரிந்தது. கராச்சாரிடம் சென்றோம். சிறு கருவியொன்றைச் செருகிப் பார்த்து, "பி 0420" என்றார்கள். பின்பக்கத்துச் சென்சர் பழுது என்று சொல்லி அதை மாற்றினார்கள். விளக்கு அணைந்தது. இரண்டு வாரத்தில் மீண்டும் எரிந்தது. மீண்டுஞ் சென்றோம். இனி ஒரு சிறு குழாய்த்துண்டைச் சென்சருக்கு இடையில் வைத்து விளக்கை நிரந்தரமாக அணைத்துவிடலாம் என்றார்கள். அதனைக் கேட்டபோதுதான் எமக்கு ஐயம் பிறந்தது. வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து நின்று ஏதோ சொல்ல வரும்போது அவன் வாயைப் பொத்தினால் வகுப்பு அமைதியாகும். அவன் சொல்ல வந்தது என்ன என்பது மட்டும் தெரியாமற் போகும்.

இவ்விளக்கு எவ்வாறு தோன்றியது என்பதைச் சிறிது சொல்லுதல் வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை மூடிய புகைமூட்டத்துக்கு மோட்டார் வண்டிகளின் கழிவு வாயுவே பெருங்காரணம் என்று 1950 களில் கண்டறிந்தனர். அதன் பயனாகச் சட்டங்கள் எழுந்தன. 1975 ஆம் ஆண்டு முதல் அமெரிக்கக் கார்களில் ஊக்கிப் பெட்டி பெருவழக்காயிற்று. ஈயம் ஊக்கியைக் கொன்றுவிடுமாதலால் ஈயமற்ற பெற்றோலும் உடன் வந்தது. எமது நாட்டில் ஈயப் பெற்றோல் 2002 ஆம் ஆண்டில் ஒழிந்தது. உலகில் இறுதியாக அல்ஜீரியா 2021 இல் அதனைக் கைவிட்டது. புகையிலுள்ள ஒட்சிசனை அளக்குஞ் சென்சரை முதலில் விற்பனைக் காரிற் பொருத்தியது வொல்வோ நிறுவனம், 1976 இல். பொறி தன் பழுதைத் தானே கண்டு குறித்துவைக்க வேண்டும் என்னும் விதியைக் கலிபோர்னியா 1988 ஆம் ஆண்டுக் கார்களுக்கு விதித்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்கள் அனைத்துக்கும் ஒரே வகைச் செருகியும் ஒரே வகைக் குறியெண்களும் விதிக்கப்பட்டன. பின்னர் ஐரோப்பாவும் யப்பானும் அவ்வழிச் சென்றன.

அதற்கு முன் எம்மவர் என்செய்தனர் எனின், செவியாலும் மூக்காலும் அறிந்தனர். கரும்புகை எனின் பெற்றோல் மிகை, நீலப்புகை எனின் ஒயில் எரிகின்றது, வெண்புகை ஓயாது வரின் தண்ணீர் உட்புகுகின்றது என்பது பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் ஓட்டிகளின் வாய்பாடு. 1990 களின் முற்பகுதியில் எரிபொருட் தடையால் பெற்றோல் கிடையாதிருந்தபோது, சில துளி பெற்றோலிற் பொறியைக் கிளப்பிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய குடாநாட்டார், பொறியின் ஒவ்வோர் இருமலுக்கும் பொருள் கண்டவர்கள். எம் தீவில் குதிரையின் பல்லைப் பார்த்து வயது சொல்லும் முதியவர்களைச் சிறுவயதிற் கண்டிருக்கின்றோம். அதுவும் இதுவும் ஒரு கல்வியே.

இனி அமைப்பைக் காண்போம். பொறியினின்று வெளிப்படும் புகை, முதலில் குழாய்த்தொகுதி ஒன்றிற் கூடி, முன்குழாய் வழியே ஊக்கிப் பெட்டியை அடைகின்றது. பெட்டிக்கு முன்னே ஒரு சென்சரும் பின்னே ஒரு சென்சரும் உண்டு. பெட்டியினுள்ளே தேன்கூடு போன்ற துளைகளில் உலோகப் பூச்சு இருக்கும். அஃது ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியசு வரை சூடேறியபின் தொழிற்படத் தொடங்கும். காபனோரொட்சைட்டைக் காபனீரொட்சைட்டாகவும், எரியாத பெற்றோலை நீரும் காபனீரொட்சைட்டுமாகவும், நைதரசன் ஒட்சைட்டுகளை நைதரசனாகவும் மாற்றும். இம்மூன்றும் ஒருங்கே நிகழ வேண்டுமாயின், பெற்றோல் ஒரு பங்குக்குக் காற்று நிறையளவில் 14.7 பங்கு என்னும் விகிதத்தை ஒட்டியே பொறி ஓடவேண்டும். அவ்விகிதத்தைக் காப்பது முன் சென்சரின் தொழில்.

பழைய வகை முன் சென்சர், புகையில் ஒட்சிசன் குறைந்தால், அதாவது பெற்றோல் மிகுந்தால், 0.9 வோல்ற்றை அண்மிய மின்னழுத்தத்தைத் தரும். ஒட்சிசன் மிகுந்தால் 0.1 வோல்ற்றளவுக்குத் தாழும். காரின் கணினி அதைப் பார்த்துப் பெற்றோலைக் கூட்டியுங் குறைத்தும் விடுவதால், அது கீழும் மேலும் ஓயாது ஊசலாடும். பிற்காலக் கார்கள் பலவற்றில் முன் சென்சர் வேறு வகையினது. அதன் அளவுகள் இவற்றோடு ஒவ்வா. பின் சென்சர் பெரும்பாலும் பழைய வகையே. பெட்டி நலமாய் இருப்பின் அது ஒட்சிசனைத் தன்னுட் சேமித்தும் வழங்கியும் ஊசலாட்டத்தை அடக்கிவிடுமாதலால், பின் சென்சர் 0.6, 0.7 வோல்ற்றளவில் அசையாது நிற்கும். பின் சென்சரும் முன்னதைப்போல் ஆடத் தொடங்கினால், பெட்டி தன் வேலையைச் செய்யவில்லை என்று கணினி கொள்ளும். அக்கொள்கையின் பெயரே பி 0420.

குறியெண்ணைப் பிரித்துப் பொருள் காண்பது தமிழாசிரியர்க்கு எளிது. நன்னூலார் பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பிரித்தாற்போல இதனையும் பிரிக்கலாம். முதலெழுத்து 'பி' எனின் பொறியும் கியர்ப்பெட்டியும் சார்ந்தது. 'சி' எனின் பிரேக், ஸ்ரியறிங் முதலியன. 'பீ' என்று ஒலிக்கும் ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து எனின் வண்டியின் உடற்பகுதி. 'யூ' எனின் கணினிகள் தம்முட் பேசும் வலையமைப்பு. அடுத்துவரும் 0 எல்லா நிறுவனத்தார்க்கும் பொது. 1 பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியது. மூன்றாமிடத்து 1, 2 என்பன எரிபொருளும் காற்றும், 3 தீப்பொறியும் எரியாமையும், 4 புகைக்கட்டுப்பாடு, 5 வேகமும் வெறும் ஓட்டமும், 6 கணினி, 7, 8 கியர்ப்பெட்டி. இறுதி இரண்டும் குறிப்பிட்ட குற்றத்தைச் சுட்டும். சிலிண்டர்கள் ஒரே வரிசையில் உள்ள காரில் ஒரு வரிசையே இருப்பதால், அதன் ஊக்கிக் குற்றம் 0420. இரு வரிசையுள்ள பெரும் பொறியில் மற்றை வரிசைக்கு 0430.

புகைக்குழாயை மாற்றிய காரில் மிகுதியுங் காணப்படும் குறியெண்கள் சிலவே. 0420 ஐச் சொன்னோம். 0171 என்பது கலவையிற் காற்று மிகை என்னும் முறைப்பாடு. 0135 முன் சென்சரின் சூடேற்றி, 0141 பின் சென்சரின் சூடேற்றி வேலை செய்யாமை. 0136 முதல் 0138 வரை பின் சென்சரின் சுற்றும் மின்னழுத்தமும் பற்றியன. 0300 உம் அதை அடுத்தனவும் சிலிண்டரில் எரியாமையைக் குறிப்பன. எரியாமை கடுமையானால் விளக்கு நிலையாக எரியாது, விட்டு விட்டு மின்னும். அவ்வாறு மின்னினால் வண்டியை ஓரமாக்கி நிறுத்துக. எரியாத பெற்றோல் பெட்டியினுட் சென்று எரிந்து அதனை உருக்கிவிடும். நிலையாக எரியும் விளக்கோடு, வேறு கோளாறு தோன்றாதவிடத்து, மெல்ல ஓட்டிக் கராச் சேரலாம்.

எம் கதைக்கு மீள்வோம். விளக்கினும் பெரிதாக வேறொன்று எம்மை வருத்தியது. கார் திருத்தப்பட்ட பின்னர் அன்னையார் பட்டினம் வந்துசேரும்போதெல்லாம் தலையிடியும் குமட்டலுமாய் வந்தார். படகின் ஆட்டம் என்றோம். வயது என்றோம். எழுபது ஆண்டுகளாகப் படகேறும் நெடுந்தீவுப் பெண்ணுக்குப் படகு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிய எம் அறியாமையை இன்று நினைப்பினும் நாணுகின்றோம்.

எமது கல்லூரியிற் படித்து இப்போது மோட்டார்த் தொழில் செய்யும் மாணவர் ஒருவர் ஒருநாள் எம் வீட்டுக்கு வந்திருந்தார். விளக்கைக் கண்டு, தீப்பெட்டியளவான கருவியொன்றைக் காரின் ஸ்ரியறிங்கின் கீழுள்ள துளையிற் செருகித் தம் கைப்பேசியில் எண்களைப் பார்த்தார். அழிக்கும் பொத்தானை அவர் தொடவில்லை. குறியெண் எழுந்த கணத்தில் பொறியின் வேகம், சூடு, சுமை முதலியவற்றைக் கணினி உறைநிலைப் பதிவாக வைத்திருக்கும். குறியெண்ணை அழித்தால் அப்பதிவும் போய்விடும். முன்னர் இரண்டு முறை அழித்தவர்கள் சான்றையும் அழித்துவிட்டார்கள். 0420 உடன், இன்னும் விளக்கெரிக்குமளவு உறுதிப்படாத 0171 உம் அங்கே காத்திருந்தது.

"சேர், இந்த லைற் கள்ளனைக் காட்டாது, களவு போன வீட்டைத்தான் காட்டும்" என்றார் அவர். பின்னர் 'எரிபொருட் திருத்தம்' என்னும் எண்ணைக் காட்டினார். தன் கணக்குக்கு மேல் எவ்வளவு பெற்றோலைக் கூட்டியோ குறைத்தோ கணினி விடுகின்றது என்பதே அது. நூற்றுக்குப் பத்து வரை இருபுறமும் பொறுக்கலாம். எமது காரில் நூற்றுக்குப் பதினெட்டுக் கூடுதலாக நின்றது. பெற்றோல் செலவு மிகுந்ததன் காரணம் வெளியாயிற்று. ஆனால் காற்று எங்கே மிகையாகப் புகுந்தது?

விடிய வரச் சொன்னார். புகைக்குழாய் குளிர்ந்திருக்கும்போதே ஒழுக்கைத் தேடவேண்டும். சூடேறின் இரும்பு விரிந்து சிறு வெடிப்புகள் மூடிக்கொள்ளும், கையும் வெந்துபோம். திறந்த வெளியிற் காரை நிறுத்திப் பொறியைக் கிளப்பினோம். நாம் தடித்த ஈரத்துணியால் குழாய் முனையைச் சில நொடி அழுத்திப் பிடிக்க, அவர் முன்பக்கம் குனிந்து செவிகொடுத்தார். சீறும் ஒலி பொறியின் அருகே கேட்டது. பழைய குழாய்த்தொகுதியும் புதிய முன்குழாயும் சேரும் மூட்டில் கரி படிந்து விசிறிபோல் விரிந்திருந்தது. சவர்க்கார நீரைத் தெளித்தபோது அவ்விடமே நுரைத்தது. புதுக்குழாயின் தட்டு பழையதோடு செவ்வையாகப் பொருந்தாமல் ஒருபக்கம் மயிரிழையளவு விலகி நின்றது. இடையிலிருந்தது முன்னரே நசுங்கிய பழைய காஸ்கற். எம் தீவின் மதில் சாந்தின்றி நிற்கும். புகைக்குழாய் மூட்டு காஸ்கற் இன்றி நில்லாது.

வெளியே தள்ளப்படும் புகையில் ஒழுக்கு இருந்தால் புகைதானே வெளியேறும், காற்று எவ்வாறு உட்புகும் என்று வினவினோம். அவர் தந்த விடை எமக்குப் புதிது. புகை ஆறுபோல் ஓடுவதன்று. ஒவ்வொரு சிலிண்டரும் மூச்சுவிடுமாறு அது அலையலையாகச் செல்லும். இரு அலைகளுக்கு இடையில் அழுத்தம் தாழும் கணத்தில் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். அக்காற்றின் ஒட்சிசனை அடுத்துள்ள முன் சென்சர் கண்டு, பெற்றோல் போதாது என்று பொய்யறியாத சாட்சிபோல் உரைக்கும். கணினி அதை நம்பிப் பெற்றோலைக் கூட்டும். மிகைப் பெற்றோலும் திருட்டுக் காற்றும் பெட்டியினுட் சென்று அதன் நிலையைக் குலைக்கும். பின் சென்சரின் அளவும் தடுமாறும். ஆக, மாற்றப்பட்ட பின் சென்சர் குற்றமற்றது. அதற்குக் கொடுத்த பணம் கடலிற் போட்டதே.

காற்று உட்புகுமாயின் அலையின் உச்சியிற் புகை வெளியேயும் வரும். ஊக்கிப் பெட்டியை இன்னும் அடையாத அப்புகையிலே காபனோரொட்சைட்டு மிகுதி. மிகைப் பெற்றோலோடு ஓடும் பொறியில் மேலும் மிகுதி. பொறியறையிற் பரவும் அதனை, முன்கண்ணாடியின் அடியிலுள்ள காற்றுவாய் வழியே விசிறி உறிஞ்சிப் பயணிகள் மேல் ஊதும். வெயிலுக்காகக் கண்ணாடிகளை மூடியிருந்தோம். அவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதிலும் இருநூறு மடங்குக்கு மேலான உறுதியோடு அதனைப் பற்றிக்கொள்ளும். தலையிடி, குமட்டல், அயர்ச்சி என்பனவே முதற்குறிகள். மிகின் உயிரையே வாங்கும். வண்டி ஓட்டும் எமக்குக் குறைவாகவும், நோயும் முதுமையும் உடைய அன்னையார்க்குக் கூடுதலாகவும் அது பட்டது. குமட்டலின் காரணத்தைக் கேட்டுக் கொஞ்ச நேரம் நாம் பேசவில்லை. புகைக்குழாய் வேலை செய்த காரில் ஏறுவார்க்குத் தலையிடி வருமாயின், விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும், கண்ணாடிகளைத் திறந்து ஒழுக்கைத் தேடுக; ஏறியவரை மருத்துவரிடம் காட்டிக் காரணத்தையும் சொல்லுக. நாமும் அவ்வாறே செய்தோம்.

தட்டை அரத்தால் மட்டமாக்கிப் புதிய காஸ்கற் இட்டு முடுக்கினார். சிலிக்கன் பசையைப் பூசிவிட்டாற் போதாதா என்றோம். அப்பசையின் ஆவி சென்சரின் முகத்திற் படிந்து அதனைக் குருடாக்கும் என்றார். புதிதாகப் போட்டிருந்த பின் சென்சரின் வயரையும் பார்த்தார். அது குழாயைத் தொட்டு உருகும் நிலையில் தொங்கியது. அதன் செருகியுள் உப்புக்காற்றினாற் பச்சைக் களிம்பு பிடிக்கத் தொடங்கியிருந்தது. துடைத்து, வயரை உயர்த்திக் கட்டினார். தீவகத்துக் கார்களில் 0141 போன்ற குறியெண் கண்டால் சென்சரை வாங்குமுன் செருகியைக் கழற்றிப் பார்ப்பது நன்று.

திருத்தம் நூற்றுக்கு மூன்றாகத் தாழ்ந்தது. குறியெண்களை அன்றுதான் அழித்தார். அன்னையாரின் தலையிடி அடுத்த பயணத்திலேயே நீங்கியது. கதை இங்கே முடிந்திருப்பின் நன்றாயிருக்கும், முடியவில்லை. 0171 மீண்டும் வரவேயில்லை. 0420 இருபது நாளில் வந்தது.

அதற்கும் முன்னர் வராதது ஏன் என்பது தீவகத்தார் அறியவேண்டியது. குறியெண்ணை அழித்தவுடன் கணினி தன் சோதனைகள் அனைத்தையும் முதலிலிருந்து தொடங்கும். ஊக்கிச் சோதனைக்குப் பொறி நன்கு சூடேறியபின் ஒரே சீரான வேகத்திற் சில நிமிடம் ஓடவேண்டும். குற்றத்தை இரண்டு பயணங்களில் அடுத்தடுத்துக் கண்டாலன்றி விளக்கை ஏற்றாது. பாடசாலைக்கும் சந்தைக்கும் இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடி நிற்கும் காரில் அச்சோதனை நிறைவேறுவதேயில்லை. குறிகாட்டுவான் பயணமும் குண்டுங் குழியுமாய்ச் சீர்குலைந்தது. கிளிநொச்சிக்கு ஏ 9 வீதியிற் சென்று வந்த மறுநாளே விளக்கு எரிந்தது. ஆகவே, "அழித்துவிட்டோம், திருந்திவிட்டது" என்று ஒருவர் சொல்லும்போது, சோதனைகள் நிறைவேறினவா என்று கேளுங்கள். அக்கருவியே அதனைக் காட்டும்.

இம்முறை ஒழுக்கில்லை. திருத்தம் செம்மை. முன் சென்சர் ஒழுங்கு. நெடுஞ்சாலை வேகத்தில் பின் சென்சரைப் பார்த்தோம், அஃது ஊசலாடியது. சந்தேகிக்கத்தக்க பிறவெல்லாம் நீங்கியபின் எஞ்சிநின்றது ஊக்கிப் பெட்டியே. மாற்றுறுப்பாக விற்கப்படும் பெட்டிகள் சிலவற்றில் உலோகப் பூச்சு மிகவும் மெல்லியது. பூச்சுக் குறைந்தால் ஒட்சிசனைச் சேமிக்கும் ஆற்றலுங் குறையும். புதிதாய் இருக்கும்போது சோதனையைத் தேறி, விரைவில் தோற்றுவிடும். போதாக்குறைக்கு இரண்டு மாதம் மிகைப் பெற்றோலை அதன் மேல் ஊற்றியிருக்கின்றோம். எக்குற்றம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது.

இவ்விடத்தில் முன் சொன்ன குழாய்த்துண்டின் நினைவு வந்தது. பின் சென்சரைப் புகையோட்டத்தினின்று சிறிது வெளியே இழுத்து வைப்பதே அதன் தந்திரம். ஊசலாட்டம் அதற்குத் தெரியாது. பெட்டி நலம் என்று அது சான்று பகரும். விளக்கு அணையும். புகை அவ்வாறே வரும். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் குழாய் முனையிற் கருவியைச் செலுத்திக் காபனோரொட்சைட்டையும் ஐதரோக்காபனையும் அளக்கும்போது அச்சான்று உதவாது. சில நாடுகளில் அது சட்டத்துக்கும் மாறானது. பின்னொருநாள் பெட்டி உருகி அடைத்துப் பொறி இழுக்காமல் நிற்கும்போது முன்னறிவிப்பும் இராது. ஒழுக்கு இருந்த நாளிலேயே அத்துண்டை நாம் ஏற்றிருந்தால், விளக்கும் இன்றி, காரணமும் அறியாமல், அன்னையாரை மாதந்தோறும் அப்புகையில் இருத்தியிருப்போம். எம் மாணவர் அதனைச் செய்ய மறுத்தார், நாமும் கேட்கவில்லை.

பணம் சேர நான்கு மாதம் சென்றது. அக்காலத்தில் நிலையாக எரிந்த விளக்கோடே, ஒழுக்கில்லை என்று மாதமொருமுறை பார்த்தும், சிலிண்டர் எரியாமை எழவில்லை என்று கருவியால் உறுதிசெய்தும் ஓட்டினோம். பின்னர் எமது காரின் பொறியளவுக்கென்றே செய்து, புகைத்தரச் சான்று பெற்ற பெட்டியொன்றைக் கொழும்பிலிருந்து வருவித்தோம். மூட்டுகள் மூன்றுக்கும் புதிய காஸ்கற்றும் புதிய நட்டும் இட்டார். சென்சரின் புரியை முதலிற் கையாலேயே சுழற்றி ஏற்றினார். சாவியால் முதற்சுற்றைத் தொடங்கினால் புரி மாறி ஏறிப் பெட்டியையே கெடுத்துவிடுமாம். முடித்தபின் ஏ 9 வீதியில் அவரே ஓட்டிச் சோதனைகள் யாவும் நிறைவேறின என்று காட்டினார். பின் சென்சர் 0.7 இல் அசையாது நின்றது. கூலியாக அவர் பெற்றுக்கொண்டது முதற் கராச்சில் ஒரு சென்சருக்குக் கொடுத்ததிலும் குறைவு.

விளக்கு அதன்பின் எரியவில்லை. தீப்பெட்டியளவான அக்கருவியொன்றை நாமும் வாங்கி வைத்திருக்கின்றோம். ஆசிரியர் அறையில் இரவல் கேட்போர் மிகுதி. அன்னையார் மட்டும் எம்மை முழுதும் நம்பினாரில்லை. குறிகாட்டுவானில் ஏறியதும் தம் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு, பண்ணைப் பாலம் வரை கடற்காற்று முகத்திற் படவே வருகின்றார்.